காரம் குறைந்தால் கேடு குறையுமா?

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை மாலை. நீங்கள் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து மாமா வந்திருக்கிறார். இருபது ஆண்டுகளாகச் சிகரெட் பிடித்தவர். பையிலிருந்து ஒரு சிறிய தகரப் பெட்டியை எடுக்கிறார். உள்ளே பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் நீளத்தில் பத்துச் சுருட்டுகள்.

“டாக்டர் சிகரெட்டை விடச் சொல்லிட்டாருப்பா. அதான் இதுக்கு மாறிட்டேன். சின்னச் சுருட்டு, காரமே கிடையாது. ரொம்ப மைல்டு” என்கிறார்.

மாமா சொல்வது சரியா? “சிறியது”, “காரம் இல்லாதது” என்னும் இரண்டு சொற்களை நம்பி அவர் தம் நுரையீரலை ஒப்படைக்கிறார். ஆகவே இந்தச் சுருட்டை நாமும் கொஞ்சம் சோதித்துப் பார்த்துவிடுவோம். அதற்காக நாம் அதைப் பிடிக்க வேண்டியதில்லை. சுருட்டுத் தேர்வாளர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதையும், அவர்கள் கவனிக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் இயற்பியல், வேதியியல் காரணத்தையும் தெரிந்துகொண்டால் போதும். நெய்வேலிக்காரருக்கு இது எளிது. ஏனென்றால், சுருட்டில் நடப்பவற்றுள் பல அவர் ஊரில் பழுப்பு நிலக்கரியில் பெரிய அளவில் நடப்பவைதாம்.

நம் ஊர்ச் சொல், நம் ஊர்ப் பொருள்

ஆங்கிலத்தில் இரு முனையும் திறந்த சுருட்டுக்கு ‘செரூட்’ என்று பெயர். அது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்து போனது. புகையிலைச் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த அந்த இலை, திண்டுக்கல், திருச்சிப் பகுதிகளில் நன்றாக வேரூன்றியது. திருச்சி உறையூரில் சுருட்டுத் தொழில் வளர்ந்தது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த கருநிறச் சாம்பலைப் பார்த்து, “இது திருச்சிச் சுருட்டு” என்று துப்பறிபவர் கண்டுபிடிக்கிறார். அவ்வளவு தூரம் பரவியிருந்தது அதன் பெயர்!

1948-இல் திண்டுக்கல்லுக்கு அருகே வேடசந்தூரில் சுருட்டு, மெல்லும் புகையிலை ஆகியவற்றுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நாக்கும் மூக்கும் மட்டுமின்றி, தராசும் சோதனைக் குழாயும் சுருட்டை மதிப்பிடத் தொடங்கின.

ஒரு சுருட்டை நீளவாக்கில் பிளந்து பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். நடுவில் அடைத்த இலை. அதைக் கட்டிப் பிடிக்கும் இலை. அழகுக்கும் வழவழப்புக்கும் மேலே சுற்றிய இலை. கையால் செய்த பெரிய சுருட்டில் நடுவே நீண்ட இலைகள் இருக்கும். இயந்திரத்தில் செய்த சிறு சுருட்டில் பெரும்பாலும் துண்டு இலைகள். சிலவற்றில் மேலே சுற்றியிருப்பது முழு இலைகூட அன்று. புகையிலைத் தூளைக் கூழாக்கித் தகடாகத் தேய்த்த தாள்.

குவியலில் பிறக்கும் வெப்பம்

பறித்த பச்சை இலையைச் சுருட்டினால் சுருட்டு ஆகாது. இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காற்றில் மெதுவாக உலர்த்துகிறார்கள். இலை உடனே இறந்துவிடுவதில்லை. பல நாட்கள் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. தன்னிடமுள்ள மாவுப் பொருளையும் சர்க்கரையையும் தானே செலவழித்துவிடுகிறது. பிறகு இலைகளை ஆளுயரக் குவியல்களாக அடுக்கி மூடுகிறார்கள். இதைப் பாடம் போடுதல் என்பார்கள். உள்ளே நுண்ணுயிர்களும் நொதிகளும் வேலை செய்கின்றன. ஆக்சிஜன் ஏற்றமும் நடக்கிறது. குவியலின் நடுப்பகுதி 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறும். அளவு மீறிச் சூடானால் இலை கருகிக் கெட்டுவிடும். ஆகவே குவியலைப் பிரித்து, உள்ளிருந்தது வெளியேயும் வெளியிருந்தது உள்ளேயும் வருமாறு மாற்றி அடுக்குவார்கள். அப்போது எழும் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும்.

நெய்வேலியில் இதன் அண்ணனைப் பார்க்கலாம். வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியை நீண்ட நாள் குவித்து வைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூடேறி, சில சமயம் தானே தீப்பற்றும். அதனால்தான் அதை அதிக நாள் இருப்பு வைப்பதில்லை. ஒன்று, சென்ற பருவத்தில் வளர்ந்த இலை. மற்றொன்று, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரஞ்செடிகள். இரண்டிலும் வெப்பம் வெளியேற வழியில்லாத குவியல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது என்ற விதி ஒன்றே.

இந்தப் பாடம் போடும் வேலையின் விளைவு நமக்கு முக்கியம். சர்க்கரை ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. நைட்ரஜன் சேர்மங்கள் மிஞ்சின. சிகரெட்டுக்கு வேறு விதமாகப் பதப்படுத்துகிறார்கள். சூட்டறையில் ஒரு வாரத்துக்குள் இலையை உலர்த்திவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. சுருட்டுப் புகைக்கும் சிகரெட் புகைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரலால் ஒரு சோதனை

தேர்வாளர் தீப்பெட்டியைத் தொடுமுன்பே பாதித் தேர்வு முடிந்துவிடும். முதலில் சுருட்டை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டி அழுத்துவார். ஓரிடத்தில் கல்போல இருந்தால் அங்கே காற்று போகாது. ஓரிடம் பொதபொத என்றிருந்தால் அங்கே வேகமாக எரிந்து சூடேறும். காதருகே வைத்து உருட்டும்போது மொறுமொறு என்று ஒலித்தால் அது காய்ந்துவிட்டது. பிறகு பற்ற வைக்காமலே இழுத்துப் பார்ப்பார். காற்று எளிதாக வர வேண்டும். ஆனால் சற்றே தடையும் இருக்க வேண்டும்.

மேலிலையின் நிறத்தைப் பார்ப்பார்; ஆனால் அதை நம்பி ஏமாறமாட்டார். கறுத்த சுருட்டு காரமானது, வெளுத்தது மென்மையானது என்பது பலருடைய நம்பிக்கை. உண்மையில் மேலிலை சுருட்டின் எடையில் ஒரு சிறு பங்குதான். காரத்தின் பெரும்பகுதி உள்ளே அடைத்த இலையைப் பொறுத்தது. ஒரே செடியிலும் அடியிலையைவிட உச்சி இலையில் நிகோடின் மிகுதி. நிகோடின் உருவாவது வேரில். அங்கிருந்து மேலேறி இலைகளில் சேர்கிறது. பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலைகளில் அது இன்னும் கூடும். நிறம் இதையெல்லாம் சொல்லாது.

விரல் நீளத்தில் ஒரு கரியாக்க ஆலை

இப்போது சுருட்டைப் பற்ற வைத்தாகிவிட்டது. நுனியில் செந்தணல். இழுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

தணலில், ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில், கார்பன் எரிகிறது. சிகரெட்டில் இந்த இடத்தின் வெப்பநிலையை அளந்திருக்கிறார்கள். இழுக்கும் கணத்தில் அது 900 டிகிரி வரை போகிறது. ஆனால் தணலுக்குச் சற்றுப் பின்னால் ஆக்சிஜன் இல்லை. முன்னாலிருந்த தணல் அதை உண்டுவிட்டது. அங்கே வந்து சேர்வது சூடான வாயு மட்டுமே. காற்றில்லாமல் சூடாகும் இலை எரிவதில்லை, சிதைகிறது. ஆவியாகக்கூடியவை ஆவியாகின்றன, பெரிய மூலக்கூறுகள் உடைந்து தார்ப் பொருள்களாகின்றன. நிகோடின் கொதிப்பது 247 டிகிரியில். அதுவும் இங்கே ஆவியாகிப் புகையோடு கலக்கிறது. இன்னும் பின்னால், வாய்ப்பக்கம், சுருட்டு குளிர்ந்திருக்கிறது. ஆவியின் ஒரு பகுதி அங்குள்ள இலையில் படிகிறது.

நெய்வேலியின் பழைய தலைமுறைக்கு இது புதிதன்று. அங்கே ஒரு காலத்தில் இயங்கிய கரியாக்க ஆலையில், பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக அழுத்திக் காற்றில்லாமல் சூடாக்கினார்கள். கிடைத்த கரி ‘லெகோ’ என்ற பெயரில் வீட்டு அடுப்புகளுக்கு வந்தது. வெளியேறிய தாரிலிருந்து கார்பாலிக் அமிலம் போன்ற ஃபீனால் பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். சுருட்டுப் புகையின் தாரிலும் ஃபீனால்கள் உண்டு. ஆலை தாரைத் தொட்டியில் பிடித்தது. சுருட்டுக்காரர் அதைத் தம் வாயில் பிடிக்கிறார். வேறுபாடு அவ்வளவே.

தேர்வாளர் ஒரு சுருட்டை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறிப்பு எழுதுவதற்கும் காரணம் இதுதான். முதல் மூன்றில் ஒரு பங்கு மென்மையாக இருக்கும். அப்போது தாரும் நிகோடினும் பின்பகுதி இலையில் படிந்து சேமிப்பாகின்றன. கடைசிப் பங்கில் தணல் அந்தச் சேமிப்பையும் சேர்த்து ஆவியாக்குகிறது. நல்ல தேர்வாளர் அங்கே சுருட்டைக் கீழே வைத்துவிடுவார். சிக்கனக்காரரோ விரல் சுடும்வரை விடமாட்டார்!

சாம்பல் சொல்லும் கதை

எரியும் கோடு சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறதா? சாம்பல் உதிராமல் நிற்கிறதா? அதன் நிறம் என்ன? இவை தேர்வாளரின் அடுத்த கேள்விகள்.

சுரங்கத்திலிருந்து வரும் நெய்வேலி நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர். சாம்பல், நூற்றுக்குச் சில பங்குதான். புகையிலை இதற்கு நேர்மாறு. காய்ந்த இலையின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை சாம்பலாக மிஞ்சும். அவ்வளவு தாது உப்புகளை அந்தச் செடி மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் இவை முக்கியமானவை.

இவற்றுள் பொட்டாசியம் தணலின் தோழன். அது கரிம அமிலங்களோடு சேர்ந்திருக்கும் இலை, ஒருமுறை பற்றினால் அணையாமல் கனன்றுகொண்டே போகும். குளோரின் தணலின் பகைவன். உப்புக் கிணற்று நீர் பாய்ச்சி வளர்த்த இலையில் குளோரைடு மிகுந்துவிட்டால், சுருட்டு அடிக்கடி அணையும். ஆராய்ச்சிக்கூடத்தில் இதற்கு எளிய சோதனை உண்டு. விரித்துப் பிடித்த இலையில் சூடான முனையால் ஒரு பொறி வைத்து, அது எத்தனை விநாடி கனல்கிறது என்று எண்ணுவார்கள்.

சாம்பலின் நிறம் எரிதல் முழுமையடைந்ததா என்பதைக் காட்டுகிறது. எரியாத கரித்துகள் தங்கினால் கறுப்பு. தாது மட்டும் மிஞ்சினால் வெளுப்பு. வெண்சாம்பல் அழகாக இருக்கலாம். ஆனால் அது இலையின் உப்புகளைப் பற்றிய செய்தியே தவிர, புகையின் நன்மை தீமை பற்றிய செய்தியன்று.

நாக்கா, மூக்கா?

“மரவாசனை”, “தோல் வாசனை”, “காப்பிச் சுவை”, “மண்வாசனை” என்றெல்லாம் தேர்வாளர்கள் எழுதுகிறார்கள். நாக்குக்குத் தெரிந்த சுவைகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்ற ஐந்தாவது சுவை ஆகிய ஐந்து மட்டுமே. மீதியெல்லாம் மூக்கின் வேலை. வாய்க்குள் இருக்கும் புகை தொண்டைக்குப் பின்வழியாக மூக்கின் மேற்பகுதியை அடைகிறது. அதை நாம் ‘சுவை’ என்று எண்ணிக்கொள்கிறோம். ஜலதோஷம் பிடித்த நாளில் சாம்பார் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை.

இனி, காரம். இது நாக்கின் சுவையும் அன்று, மூக்கின் மணமும் அன்று. மிளகாய் கடித்தால் வருவது, சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் கூக்குரல். நிகோடினும் அம்மோனியாவும் தொண்டையில் தரும் குத்தலும் இப்படிப்பட்டதே. “இந்தச் சுருட்டு மென்மையானது” என்று மாமா சொல்லும்போது, தம் தொண்டை கூக்குரலிடவில்லை என்று மட்டுமே சொல்கிறார். உடம்புக்குள் எவ்வளவு போயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

காரம் என்ற சொல்லின் இரு பொருள்

தமிழில் ஒரு விந்தையான ஒற்றுமை இருக்கிறது. மிளகாயின் உறைப்பையும் காரம் என்கிறோம். வேதியியல் வகுப்பில் அமிலத்துக்கு எதிரானதையும் காரம் என்கிறோம். சுருட்டின் காரம் இந்த இரண்டும் சேர்ந்ததே!

நிகோடின் ஒரு காரப்பொருள். அதன் மூலக்கூறு இரு வேடங்களில் உலவுகிறது. அமிலச் சூழலில் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டம் பெற்ற உப்பாக இருக்கும். காரச் சூழலில் அதை உதறிவிட்டுத் தனி நிகோடினாக இருக்கும். நம் வாயின் உட்பரப்புச் செல்களைச் சுற்றிக் கொழுப்பாலான சவ்வு இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற துகளை அது எளிதில் உள்ளே விடாது. தனி நிகோடினோ தடையின்றி நுழைந்து இரத்தத்தில் கலந்துவிடும்.

எந்த வேடம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். எண். பி.எச். 8 என்றால் நிகோடினில் சரிபாதி தனி நிகோடின். பி.எச். 7 என்றால் சுமார் 9 விழுக்காடு. பி.எச். 6 என்றால் வெறும் 1 விழுக்காடு. ஒரே அளவு நிகோடின்தான். சூழல் மாறியதும் அதன் வேகம் எத்தனை மடங்கு மாறுகிறது பாருங்கள்.

இதை நம் முன்னோர் வேதியியல் படிக்காமலே கையாண்டார்கள். புகையிலை போடும் பாட்டி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிறார். சுண்ணாம்பு காரம். அது புகையிலையின் நிகோடினைத் தனி நிகோடினாக்குகிறது. “சுருக்” என்று ஏறுகிறது. சுண்ணாம்பு குறைந்தால் “ஏறவில்லையே” என்று பாட்டி குறைப்படுவதன் பொருள் இதுதான்.

இனி முன்பு மனத்தில் வைத்ததை எடுத்துக்கொள்வோம். பாடம் போட்ட சுருட்டு இலையில் சர்க்கரை இல்லை. நைட்ரஜன் சேர்மங்கள் உண்டு. எரியும்போது அம்மோனியா வருகிறது. புகை காரமாகிறது, சுருட்டு குறையக் குறைய அந்தக் காரத்தன்மை ஏறுகிறது. ஆகவே சுருட்டுக்காரருக்குப் புகையை நெஞ்சுக்குள் இழுக்கத் தேவையில்லை; இழுத்தால் இருமல் வரும். வாயில் வைத்திருந்தாலே நிகோடின் ஏறிவிடுகிறது. சிகரெட் இலையிலோ சர்க்கரை இருக்கிறது. அது எரிந்து அமிலங்களைத் தருகிறது. புகை அமிலமாக, தொண்டைக்கு இதமாக இருக்கிறது. ஆனால் வாயில் நிகோடின் சரியாக ஏறாது. எனவே அதை நுரையீரல் வரை இழுத்தாக வேண்டும்.

இப்போது மாமாவின் பெட்டிக்கு வருவோம். ஒரு சுருட்டை “மென்மை” ஆக்க என்ன செய்யலாம்? அதன் புகையில் காரத்தைக் குறைக்க வேண்டும். அதாவது, அதைச் சிகரெட் புகையைப்போல் ஆக்க வேண்டும். அப்படி ஆக்கியதும் என்ன நேரும்? இருமல் வராது, நெஞ்சுக்குள் இழுக்க முடியும். சுருட்டின் காரம் உறுத்தலாக இருந்தாலும், புகையை உள்ளே விடாத வாயிற்காவலனாகவும் இருந்தது. மென்மை அந்தக் காவலனைத் தூங்க வைத்துவிடுகிறது! இருபது ஆண்டுகள் சிகரெட்டை ஆழமாக இழுத்துப் பழகிய ஒருவர், சுருட்டுக்கு மாறினாலும் அதே பழக்கத்தில் உள்ளே இழுக்கிறார் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாய்ப்பழக்கம் பெட்டியின் பெயரைப் படித்து மாறுவதில்லை.

சிறியது என்பது எவ்வளவு?

ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை 1 கிராமுக்கும் குறைவு. சிறு சுருட்டுகளில் பல 1.3 முதல் 2.5 கிராம் வரை எடையுள்ளவை. 2 கிராம் சுருட்டில் நிகோடின் 1.5 விழுக்காடு என்று கொண்டால், கணக்கு 30 மில்லிகிராம். அவ்வளவும் உடம்பில் சேராது. பெரும்பகுதி காற்றில் போய்விடும். சிகரெட் ஒன்றிலிருந்து உடம்பு பெறுவதும் 1 அல்லது 2 மில்லிகிராம்தான். ஆயினும் சுருட்டில் இருப்பு கூடுதல். இழுப்பவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்பது அவருடைய ஏக்கத்தைப் பொறுத்தது.

மேலும், சிகரெட்டின் தாளில் நுண்துளைகள் வழியே காற்று புகுந்து, கார்பன் மோனாக்சைடு ஓரளவு வெளியேறும். சுருட்டின் மேலிலைக்கு அவ்வளவு துளைத்தன்மை இல்லை. ஆகவே எரியும் ஒவ்வொரு கிராம் புகையிலைக்கும் சுருட்டில் கார்பன் மோனாக்சைடு அதிகம் உண்டாகிறது. இந்த வாயு இரத்தத்தின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, காரமில்லை. எந்தத் தேர்வாளரின் நாக்கும் அதைக் கண்டுபிடிக்காது.

பாடம் போடும்போது இலையில் உண்டாகும் நைட்ரோசமைன் என்னும் புற்றுநோய்க் காரணிகளுக்கும் தனிச் சுவை கிடையாது. 1998-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுருட்டைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டது. நாள்தோறும் சுருட்டுப் பிடிப்பவர்களுக்கு வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் மிகுதி என்றும், உள்ளே இழுப்பவர்களுக்கு நுரையீரல் நோய்களும் சேர்கின்றன என்றும் அது காட்டியது. நம் பக்கத்திலேயே சான்று உண்டு. ஆந்திரக் கடலோரச் சிற்றூர்களில் பெண்கள் பலர் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைத்து வந்தார்கள். அவர்களிடையே மேலண்ணப் புற்றுநோய் மிகுந்திருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். புகை எங்கே படுகிறதோ அங்கே கேடு.

ஏமாந்த வரலாறு

மாமா முதல் ஆள் அல்லர். 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், சிகரெட் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார். 1971 ஜனவரியில் அங்கே வானொலி, தொலைக்காட்சிகளில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. தடைச் சட்டத்தில் ‘சிகரெட்’ என்றுதான் இருந்தது. உடனே சிகரெட் அளவிலேயே, சிகரெட் போலவே பெட்டியில் அடுக்கிய சிறு சுருட்டுகள் விளம்பரத் திரையில் தோன்றின. தாளுக்குப் பதில் பழுப்புப் புகையிலைத் தகடு சுற்றியிருந்தது, அவ்வளவுதான். விற்பனை பாய்ந்தது. 1973-இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து சிறு சுருட்டு விளம்பரத்தையும் தடுக்க வேண்டியதாயிற்று.

2003-இல் உலக நாடுகள் ஏற்ற புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில், புகையிலைப் பொருள்களின் உறைகளில் மக்களை ஏமாற்றக்கூடிய சொற்களுக்கு எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? மாமா சொன்ன அதே “மைல்டு”! 2004-இல் இந்தியாவும் அந்த உடன்படிக்கையை உறுதி செய்தது.

நீங்களே செய்து பாருங்கள்

புகையிலையைத் தொடாமலே, மேலே சொன்னவற்றுள் மூன்றை நீங்கள் சோதிக்கலாம்.

1. காரம்: மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி உலர்த்துங்கள். விறகடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரில் ஒரு துளி வையுங்கள். தாள் சிவக்கும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதுபோல. தாவரச் சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் காரத்தன்மை உள்ளது என்பதற்கு இது சான்று. இன்னொரு துளியாக எலுமிச்சைச் சாற்றை வைத்து, நிறம் சிவக்காததையும் பாருங்கள்.

2. தணல்: இதை ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். விரலளவு வடிதாள் துண்டுகள் மூன்று. ஒன்றை வெறும் நீரிலும், ஒன்றைச் சமையல் உப்பு நீரிலும், ஒன்றை வெடியுப்பு நீரிலும் நனைத்து நன்றாக உலர்த்துங்கள். பீங்கான் தட்டில் வைத்து, எரியும் ஊதுபத்தியால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் தொடுங்கள். பொறி எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், தோய்ந்த தாளில் பொறி ஊர்ந்து போகும். நைட்ரேட் தன் ஆக்சிஜனையும் தருவதால் அங்கே வேகம் கூடுதல். உப்புத் தாளில் பொறி விரைவில் அணைந்துவிடும்.

3. சுவை: நண்பரின் கண்ணைக் கட்டி, மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆரஞ்சு மிட்டாய் ஒன்றும் எலுமிச்சை மிட்டாய் ஒன்றும் கொடுங்கள். இரண்டும் இனிப்பு, புளிப்பு என்றுதான் சொல்வார். மூக்கை விட்டதும் பெயர் வந்துவிடும்.

மாமாவுக்கு என்ன சொல்வது?

இப்போது மதிப்பெண் போடலாம். மாமாவின் சிறு சுருட்டு உருண்டையாக, சீராகச் செய்யப்பட்டிருக்கிறது. இழுப்பு எளிது. எரியும் கோடு நேராகப் போகிறது. சாம்பல் வெளுப்பு. மணம் இதமானது. தொண்டையில் குத்தல் இல்லை. தேர்வாளரின் தாளில் அது நல்ல மதிப்பெண் பெறும். ஆனால் அந்தத் தாளில் கார்பன் மோனாக்சைடுக்குக் கட்டம் இல்லை. நைட்ரோசமைனுக்குக் கட்டம் இல்லை. நுரையீரலுக்கும் கட்டம் இல்லை. டாக்டர் கேட்டது அந்தக் கட்டங்களைப் பற்றித்தான்.

ஆகவே மாமாவிடம் சண்டை போட வேண்டாம். “மாமா, இது மைல்டா இருக்கறதுதான் ஆபத்தே. காரமா இருந்தா நீங்க உள்ள இழுக்கமாட்டீங்க” என்று சொல்லுங்கள். மஞ்சள் தாளையும் சாம்பல் நீரையும் காட்டுங்கள். பாட்டியின் சுண்ணாம்பை நினைவூட்டுங்கள். நிகோடின் பழக்கத்தை விடுவது மன உறுதியைப் பொறுத்தது மட்டுமன்று. மூளையில் அது போட்ட தடத்தை அழிக்க நாளாகும், உதவியும் வேண்டும். அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை 1800-11-2356 என்ற எண்ணில் கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டால் மருந்துகளும் உண்டு.

நெய்வேலியில் நிலக்கரிக் குவியலின் மேற்பரப்பு குளிர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக அதைக் காவலின்றி யாரும் விட்டுவிடுவதில்லை. உள்ளே சூடேறுவது வெளியே தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தொண்டைக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் புகைக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். மாமா அந்தத் தகரப் பெட்டியை மூடி வைத்தால், அதில் ஊசியும் நூலும் போட்டுவைக்க அத்தை காத்திருப்பார்.